சூழல் நீதிக் களப்பணி: போட்டோவில் இல்லாதவர்களின் வேலை

1952இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரத்தில், மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்கள் வாழ்ந்த ஒரு குடியிருப்புக்கு, மக்களைத் திரட்டி அமைப்பாக்கும் களப்பணியாளரான ஃபிரெட் ராஸ் என்பவர் வந்து சேர்ந்தார். அங்கே இருந்த சீசர் சாவேஸ் என்ற இளைஞரை எப்படியாவது பார்த்துப் பேசிவிட வேண்டும் என்று அலைந்தார். சாவேஸ் பிடி கொடுக்கவில்லை. வெளியிலிருந்து யாராவது வந்து எப்படி வாழ்கிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போவது அந்தப் பகுதிக்குப் பழகிப்போன விஷயம், இவரும் அந்த ரகம்தான் என்று நினைத்து நழுவிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு வீட்டுக் கூட்டத்துக்கு ஒப்புக்கொண்டார், அதற்கப்புறம் அவர் வாழ்க்கையே வேறு பக்கம் திரும்பிவிட்டது. டோலரஸ் ஹுயர்ட்டாவை இந்த வேலைக்குள் இழுத்ததும் ராஸ்தான். இவர்கள் இருவரும் 1962இல் தொடங்கிய பண்ணைத் தொழிலாளர் சங்கம், திராட்சை வாங்காதீர்கள் என்று நடத்திய புறக்கணிப்பின் முடிவில் 1970இல் போட்ட ஒப்பந்தங்களில் டிடிடி போன்ற பூச்சிமருந்துகளைத் தோட்டத்தில் தெளிக்கக் கூடாது என்று எழுதி வாங்கியது. அமெரிக்க அரசு டிடிடிக்குத் தடை போட்டது 1972இல். சாவேஸை உலகத்துக்கே தெரியும், ராஸ் பெயரை இந்தத் துறைக்கு வெளியே கேள்விப்பட்டவர்கள் குறைவு.

அதில் ராஸுக்கு வருத்தம் இருந்திருக்க வாய்ப்பில்லை, அவர் வேலையே அதுதான். மக்களைத் திரட்டும் வேலையைச் சரியாகச் செய்தவர் மேடையில் நிற்கமாட்டார், போட்டோவில் இருக்கமாட்டார், முன்னால் வேறு யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள், அவர்கள் பேசுவதுதான் இவருடைய வெற்றி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதையே பிழைப்பாக எடுத்துக்கொள்ள நினைப்பவருக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: தடயம் விடாமல் செய்வதுதான் திறமை என்றால், அந்தத் திறமைக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள், எதைக் காட்டி அடுத்த வேலை கேட்பது? சூழல், சமூக நீதிக் களப்பணியில் பணம், பதவி, சோர்வு, உள்சண்டை என்று எதைத் தோண்டினாலும் பெரும்பாலும் இந்தச் சிக்கலில்தான் போய் முட்டும்.

முதலில் அந்த வேலை என்ன என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் வெளியே தெரிவது பேரணியும் பதாகையும் மட்டும்தான். ஒரு குடியிருப்புக்குப் பக்கத்தில் குப்பைக்கிடங்கோ ரசாயன ஆலையோ வருகிறது, அல்லது ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல் வழக்கு போடுவார். தொண்டு நிறுவனம் மருத்துவ முகாம் நடத்தும். பிரச்சாரக்காரர் கையெழுத்து வாங்குவார், ஹேஷ்டேக் போடுவார். எல்லாமே தேவைதான். களப்பணியாளர் செய்வது இது எதுவுமில்லை, அல்லது இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம். அங்கே இருப்பவர்கள் தாங்களாகவே கூடிப் பேசி முடிவெடுத்து, எதிரில் இருப்பவரிடம் பேரம் பேசும் அளவுக்கு ஓர் அமைப்பாக ஆகிறார்களா என்பதுதான் அவருடைய கவலை. வழக்கில் தோற்கலாம், முகாம் முடிந்துபோகலாம். அந்த அமைப்பு நின்றால் அடுத்த பிரச்சினைக்குத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

அதனால் அவருடைய வாரத்தில் பாதிக்கு மேல் தனித்தனி ஆட்களோடு பேசுவதிலேயே போகும். இந்தப் பேச்சு ஒரு தனிக் கலை. நோட்டீஸ் கொடுத்துவிட்டு 'கட்டாயம் வாங்க' என்று சொல்வது பேச்சாகாது. முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, எதிரில் இருப்பவருக்கு எது எரிச்சல், எதற்குப் பயம், அவர் சொன்னால் தெருவில் யார் கேட்பார்கள், அவர் யார் சொன்னால் கேட்பார் என்று கண்டுபிடிக்க வேண்டும், அதையும் விசாரணை மாதிரி இல்லாமல். தெருவில் சத்தமாகப் பேசுபவர் தலைவராக இருக்க வேண்டும் என்று இல்லை. யார் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது, யாரிடம் கடன் கேட்கப் போகிறார்கள், சாவு வீட்டில் யார் நின்று காரியம் பார்க்கிறார்கள் என்று கவனித்தால் உண்மையான ஆள் தெரிவார். ராஸின் வீட்டுக் கூட்டங்கள் இந்தக் கணக்கில்தான் நடந்தன. ஒருவர் தன் சொந்தபந்தத்தில் நாலைந்து பேரை வீட்டுக்குக் கூப்பிடுவார், பேச்சு முடியும்போது வந்தவர்களில் ஒருவர் அடுத்த கூட்டம் என் வீட்டில் என்பார், சில வாரங்கள் இப்படிப் போன பிறகுதான் பெரிய கூட்டம். நேராகப் பெரிய கூட்டம் போட்டிருந்தால் வழக்கமாக வரும் பத்துப் பேர் வந்திருப்பார்கள்.

மிச்ச நேரம் பட்டியல். யார் வருகிறேன் என்றார், யார் வந்தார், வராதவருக்கு மறுநாள் போன் செய்தாயிற்றா, கூட்டத்தில் வேலை எடுத்துக்கொண்டவர் முடித்தாரா. கூட்டத்துக்கு முன்னால் பேசப்போகிறவரோடு ஒத்திகை, முடிந்ததும் அரைமணி நேரம் எது சரியாக வந்தது, எது சொதப்பியது என்று பேச்சு. அலுப்பான வேலை. இந்த அலுப்பைத் தாங்க முடியாதவர்களுக்குக் கோஷம் போடும் நாள் மட்டும்தான் பிடிக்கும், அவர்கள் இந்தத் தொழிலில் இரண்டு வருடம் தாண்டமாட்டார்கள் என்பது என் கணிப்பு.

சரி, சூழலும் சமூக நீதியும் எப்படி ஒரே வேலையாக ஆயின? இதற்கு எல்லோரும் காட்டும் இடம் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் இருக்கும் வாரன் கவுண்டி. 1978இல் பிசிபி என்ற நச்சு கலந்த கழிவு எண்ணெயை ஒரு கும்பல் அந்த மாநிலத்தின் சாலையோரங்களில் சுமார் 240 மைல் தூரத்துக்குத் திருட்டுத்தனமாகக் கொட்டிவிட்டுப் போனது. அந்த மண்ணை அள்ளிப் புதைக்க அரசு தேர்ந்தெடுத்த இடம், கறுப்பின ஏழைகள் அதிகம் வாழ்ந்த வாரன் கவுண்டி. 1982இல் லாரிகள் வந்தபோது மக்கள் சாலையில் படுத்தார்கள், வாரக்கணக்கில் போராட்டம் நடந்தது, 500 பேருக்கு மேல் கைதானார்கள். கடைசியில் தோற்றார்கள், மண் அங்கேதான் புதைந்தது. ஆனால் அந்தத் தோல்வி ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போனது: ஏன் இங்கே? 1983இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் தென்கிழக்கு மாநிலங்களில் இருந்த நான்கு பெரிய நச்சுக்கழிவுக் கிடங்குகளைப் பார்த்தது, அதில் மூன்று கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் இருந்தன. 1987இல் ஒரு கிறிஸ்தவ சபை நாடு முழுக்க ஆய்வு செய்து, இத்தகைய கிடங்கு எங்கே இருக்கும் என்பதை வருமானத்தைவிட இனமே வலுவாகக் காட்டிக்கொடுக்கிறது என்று சொன்னது. வாரன் கவுண்டியில் புதைத்த மண்ணை நச்சு நீக்கிச் சுத்தம் செய்து முடிக்க 2003 இறுதிவரை ஆனது.

அந்தக் காலத்தில் பெரிய சூழல் அமைப்புகள் காட்டையும் திமிங்கிலத்தையும் காப்பாற்றிக்கொண்டிருந்தன. தப்பில்லை, ஆனால் அவர்களுடைய அலுவலகங்களில் இந்தக் குடியிருப்புகளிலிருந்து வந்த ஆட்களே கிடையாது. 1990இல் நியூ மெக்சிகோவைச் சேர்ந்த ஒரு சிறிய களக் குழு முன்னின்று, நாட்டின் பத்துப் பெரிய சூழல் அமைப்புகளுக்கு இதைக் கேட்டு வெளிப்படையாகக் கடிதம் எழுதியது. அடுத்த வருடம் வாஷிங்டனில் நடந்த மாநாட்டில் சூழல் நீதிக்கான 17 கொள்கைகள் எழுதப்பட்டன. இந்தத் துறையில் இன்று முழுநேர வேலை என்று ஒன்று இருப்பதற்கு அந்தக் கடிதத்துக்கும் மாநாட்டுக்கும் பெரிய பங்கு உண்டு.

பாதிக்கப்பட்டவர்களே திரண்டாலும் அவர்களுக்குள்ளேயும் மேல் கீழ் உண்டு என்பதற்கு அமெரிக்காவின் லவ் கேனால் என்ற பகுதி நல்ல உதாரணம். நயாகரா ஃபால்ஸ் நகரத்தில் சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்த ஹூக்கர் நிறுவனம், அந்த நிலத்தை 1953இல் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தது. மேலே பள்ளிக்கூடம், சுற்றிலும் வீடுகள். 1978இல் லோயிஸ் கிப்ஸ் என்ற 27 வயது இல்லத்தரசி தன் பிள்ளையின் உடல்நிலையில் தொடங்கி, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, எந்த வீட்டில் என்ன நோய் என்று வரைபடத்தில் குறித்தார். பழைய நீரோடைகள் மண்ணுக்கடியில் ஓடிய வழியிலேயே நோய்கள் கொத்துக் கொத்தாக விழுந்தன. அதிகாரிகள் இதை இல்லத்தரசிகளின் உபயோகமில்லாத கணக்கு என்று ஒதுக்கினார்கள். ஆனாலும் மக்கள் விடவில்லை. நெருக்கடிநிலை அறிவிப்பு வந்தது, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன, 1980 டிசம்பரில் நச்சு நிலங்களைச் சுத்தம் செய்ய சூப்பர்ஃபண்ட் சட்டம் வந்தது. இதெல்லாம் எல்லோரும் சொல்லும் பகுதி. அதே இடத்தில் கிரிஃபன் மேனர் என்று அரசு வாடகைக் குடியிருப்பு ஒன்றும் இருந்தது, பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்கள். கிப்ஸோடு திரண்டவர்களின் சங்கம் வீட்டுச் சொந்தக்காரர்களின் சங்கம் என்பதால் பேச்செல்லாம் வீட்டின் விலையைச் சுற்றியே போனது, வாடகைக்காரர்கள் தனியாகத் தங்களுக்கு ஒரு குரல் தேட வேண்டியிருந்தது. கூட்டத்துக்கு யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்பதை இந்த வேலையில் ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இதனால்தான். நம்மூரில் தண்ணீர்ப் பிரச்சினைக்குப் போடும் கூட்டத்தில் எந்தத் தெரு ஆட்கள் உட்காருகிறார்கள், எந்தத் தெரு ஆட்கள் ஓரமாக நிற்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிப்ஸ் போட்ட கணக்கு பிற்பாடு ஒரு பாரம்பரியமாகவே வளர்ந்துவிட்டது. 1990களின் நடுவில் கலிபோர்னியாவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதிகளில், பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பையைப் பொருத்திக் காற்று மாதிரி பிடிக்கும் எளிய கருவி வந்தது. ஆலையிலிருந்து நாற்றம் வரும் அந்த நிமிடமே வீட்டில் இருப்பவர் மாதிரி எடுத்துவிடலாம், அதிகாரி மறுநாள் வந்து ஒன்றுமில்லையே என்று சொல்லும் கதை நடக்காது. 2004இல் கடலூர் சிப்காட் பகுதி மக்கள் இதே முறையில் காற்று மாதிரிகள் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை உட்படப் பல வேதிப்பொருட்கள் அதில் இருந்தன. நாற்றத்தை நேரம், தேதி, காற்றடித்த திசையோடு நோட்டில் எழுதிவைக்க ஊர்க்காரர்களைப் பழக்குவது களப்பணியாளரின் வேலை. அவருக்கு வேதியியல் பட்டம் தேவையில்லை. ஆனால் பரிசோதனை முடிவில் எந்த எண் பெரியது, அதை எந்த வரம்போடு ஒப்பிட வேண்டும், எதை மிகைப்படுத்திச் சொன்னால் நாளைக்கு மாட்டிக்கொள்வோம் என்பதைத் தெரிந்த ஒரு விஞ்ஞானியையாவது அவர் நண்பராக வைத்திருக்க வேண்டும். கிப்ஸுக்கும் அப்படி ஒருவர் உதவியிருக்கிறார், பெவர்லி பெய்கன் என்ற ஆராய்ச்சியாளர்.

சட்டத்தை எடுத்தாலும் இதே கதைதான். இந்தியாவில் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரும்பாலான பெரிய திட்டங்களுக்கு முன்னால் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும், அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் நடுவில் குறைந்தது 30 நாள் விட வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கம் ஆங்கில அறிக்கையை அந்த நாட்களுக்குள் படித்து, எங்கே ஓடையை ஓடை இல்லை என்று எழுதியிருக்கிறார்கள், எந்த ஊர் வரைபடத்தில் காணாமல் போயிருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை மீனவரும் விவசாயியும் தங்கள் வாயால் சொல்லும்படி ஆக்க வேண்டும். களப்பணியாளரே மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் பொரிந்து தள்ளினால் அவருக்குக் கைதட்டல் கிடைக்கும், அதிகாரிக்கு 'வெளியாள் தூண்டிவிடுகிறார்' என்று எழுத வசதியாகப் போய்விடும்.

இதில் நியாம்கிரியை மிஞ்ச ஆளில்லை. ஒடிசாவின் அந்த மலைத்தொடரில் வேதாந்தாவின் பாக்சைட் சுரங்கம் வரலாமா என்பதைக் கிராம சபைகள் தீர்மானிக்கட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பளித்தது, 2006 வன உரிமைச் சட்டம் அதற்கு அடிப்படை. மாநில அரசு 12 கிராமங்களை மட்டும் தேர்ந்தெடுத்தது. சின்னச் சின்ன ஊர்கள், எளிதாக வளைத்துவிடலாம் என்று நினைத்தார்களோ என்னவோ. மாவட்ட நீதிபதி முன்னிலையில், போலீஸ் சூழ்ந்திருக்க, ஜூலையிலும் ஆகஸ்டிலும் சபைகள் கூடின. 12 ஊரும் வேண்டாம் என்றன. 12க்கு 12 என்பது தீர்ப்பால் வந்துவிடுமா என்ன? ஒரே ஒரு ஊர் பிளந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். அங்கே வாழும் டோங்ரியா கோண்ட் பழங்குடி மக்கள் மலையைத் தங்கள் தெய்வமான நியாம் ராஜாவின் இருப்பிடமாக மதிப்பதும், ஊர் ஊராக வருடக்கணக்கில் நடந்த பேச்சும் சேர்ந்துதான் அந்த எண்ணைக் கொடுத்தன. தீர்ப்பை எழுதிய நீதிபதிகளின் பெயர் பதிவில் இருக்கிறது, மலைமேல் ஏறி இறங்கியவர்களின் பட்டியல் யாரிடமும் இல்லை.

எல்லாவற்றையும்விடக் கடினமான இடம் ஒன்று உண்டு: வேலையா, சூழலா என்ற கேள்வி. ஆலை விஷம் கக்குகிறது, அதே ஆலையில்தான் ஊரில் பாதிப் பேருக்குச் சம்பளம். இங்கே மூட வேண்டும் என்று கோஷம் போடுவது சுலபம், களப்பணியில் இதைவிட மோசமான தொடக்கம் கிடையாது. பிரேசிலின் அக்ரே மாநிலத்தில் சிக்கோ மென்டெஸ் தொடங்கியது சூழல்வாதியாக இல்லை, ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளர்களின் சங்கக்காரராக. காடு அழிந்தால் வேலை போய்விடும் என்பதுதான் முதல் கவலை, அதற்காகத்தான் குடும்பத்தோடு போய் மரம் வெட்டுபவர்களின் ரம்பத்துக்கு முன்னால் நின்றார்கள். காட்டை யாரும் தொடக்கூடாது என்று அவர்கள் கேட்கவில்லை, தொழிலாளர்கள் உள்ளேயே இருந்து பாலும் கொட்டையும் எடுத்து வாழும் காப்புக்காடு வேண்டும் என்று 1985இல் முன்வைத்தார்கள். 1988 டிசம்பர் 22 அன்று மென்டெஸைச் சுட்டுக் கொன்றார்கள். 1990இல் சுமார் 9.7 லட்சம் ஹெக்டேரில் அவர் பெயரிலேயே அப்படி ஒரு காப்புக்காடு அமைந்தது. போபாலிலும் ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா இருவரும் சந்தித்துக்கொண்டது எழுதுபொருள் செய்யும் ஒரு தொழிற்கூடத்தில். கூலிக்காகச் சங்கம் வைத்தார்கள், அந்தச் சங்கம்தான் பிறகு யூனியன் கார்பைடை எதிர்த்து நின்றது. சம்பளச் சீட்டிலிருந்து தொடங்கியவர்கள் நீண்ட காலம் தாக்குப்பிடிப்பதை இந்தத் துறையில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

இனி பிழைப்பு. இந்த வேலைக்குள் வருபவர்களில் இரண்டு ரகம். ஒருவர் அங்கேயே பிறந்து வளர்ந்து, பிரச்சினை வீட்டுக்குள் வந்ததால் இறங்கியவர். இன்னொருவர் படித்துவிட்டு, விருப்பப்பட்டு, வேறு ஊரிலிருந்து வந்தவர். சிகாகோவின் ஆல்ட்கெல்ட் கார்டன்ஸ் குடியிருப்பு இரண்டு பேரையும் ஒரே இடத்தில் பார்த்திருக்கிறது. குப்பைமேடுகளும் ஆலைகளும் சூழ்ந்த அந்த இடத்தை ஹேசல் ஜான்சன் 'நச்சு டோனட்' என்றார். கணவரை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர் அங்கேயே ஓர் அமைப்பைத் தொடங்கி, 2011இல் இறக்கும்வரை அதோடுதான் இருந்தார். 1985இல் அதே பகுதிக்குச் சம்பளக் களப்பணியாளராக ஓர் இளைஞர் வந்தார், ஆஸ்பெஸ்டாஸை அகற்றும் போராட்டத்தில் வேலை செய்தார், 1988இல் சட்டம் படிக்கக் கிளம்பிவிட்டார். அவர் பராக் ஒபாமா. அவர் போனதைக் குறை சொல்ல முடியாது, மூன்று வருடம் என்பது இந்த வேலையில் குறைச்சலும் இல்லை. ஆனால் அந்த மூன்று வருடம் ஒருவருடைய தன்விவரக் குறிப்பில் ஜொலிக்கிறது, முப்பது வருடம் இன்னொருவருக்கு அப்படியொரு குறிப்பே தேவைப்படாத வாழ்க்கையாகப் போய்விடுகிறது. வேலைக்கு ஆள் எடுக்கும் பல நிறுவனங்கள் இன்னமும் படித்துவிட்டு வெளியூரிலிருந்து வரும் ரகத்தைத்தான் தேடுகின்றன, காரணம் அவர்களுக்கு அறிக்கை எழுத வரும்.

ஏன் அறிக்கை? பணம் அங்கிருந்துதான் வருகிறது. நிதி கொடுப்பவர் ஒரு வருடத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ புராஜெக்ட் என்று கொடுப்பார், எத்தனை கூட்டம், எத்தனை பேர், எத்தனை பயிற்சி என்று எண்ணிக் கேட்பார். கதவைத் தட்டி நாலு தடவை திரும்பிவந்து ஐந்தாவது தடவை உள்ளே கூப்பிட்டதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? அதனால் எண்ணக்கூடியதைச் செய்ய ஆரம்பிக்கிறார்கள், போட்டோ எடுக்கக்கூடிய நிகழ்ச்சி பெருகுகிறது, மெதுவாக வளர வேண்டிய உறவு காய்கிறது. விருதுகளும் இப்படித்தான், ஒரு முகம் வேண்டும். விருது கிடைத்தவர் மேல் தப்பு சொல்லவில்லை, சில சமயம் அந்த வெளிச்சம் உயிரைக் காப்பாற்றும். ஆனால் விருது வந்த மறுவருடம் உள்ளுக்குள் யார் பெரியவர் என்ற புகைச்சலும் வந்துவிடும்.

இந்தியாவில் இதற்கு மேல் சட்டச் சிக்கலும் சேர்ந்தது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் செய்த திருத்தத்தின்படி, ஓர் அமைப்பு வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னோர் அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது, நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறங்கியது. பெரிய நிறுவனத்தின் வழியாக ஒன்றிரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்துவந்த சிறு குழுக்கள் மேல்தான் இந்த அடி நேராக விழுந்தது. உறுப்பினர் சந்தாவில் நிற்கும் அமைப்புகளுக்கு இந்தத் தலைவலி குறைவு. சந்தா சிறிய தொகைதான், சம்பளமும் சிறியதாகத்தான் இருக்கும், ஆனால் பணம் கொடுப்பவரே கேள்வி கேட்கிறார் என்பதால் களப்பணியாளர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற குழப்பம் வராது. தொழிற்சங்கங்கள் காலங்காலமாக இப்படித்தான் ஓடுகின்றன. என்னைக் கேட்டால், முழுக்கச் சந்தாவில் நிற்க முடியாவிட்டாலும் ஒரு களப்பணியாளரின் சம்பளத்தையாவது சந்தாவிலிருந்து எடுக்கும் அமைப்பைத் தேடுவது நல்லது.

குறைந்த சம்பளத்தைத் தியாகம் என்று புகழும் வழக்கம் இந்தத் துறையில் ரொம்ப நாளாக இருக்கிறது, அதனால் யார் உள்ளே வர முடிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். வீட்டில் வேறு வருமானம் உள்ளவர், சொந்த வீடு உள்ளவர், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இருப்பவர் தியாகம் செய்யலாம். கல்விக்கடன் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பணம் அனுப்பவேண்டிய முதல் தலைமுறைப் பட்டதாரியால் முடியாது. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும்தான் மக்கள் கூட்டத்துக்கு வருவார்கள், அதனால் வேலை நேரமும் அதுதான், சின்னக் குழந்தை இருக்கும் பெண்கள் எத்தனை பேர் இதில் ஐந்து வருடம் தாங்குவார்கள்? நீதிக்காகப் போராடும் அலுவலகத்தில் வருங்கால வைப்புநிதி பிடிக்கிறார்களா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சோர்வைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 'பர்ன்அவுட்' என்று இன்று ஐடி அலுவலகங்களில் பேசும் நிலையை 1974இல் முதலில் விவரித்த உளவியலாளர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர். அவர் கவனித்தது நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் வேலை செய்த தன்னார்வலர்களை. ஒரு கொள்கையோடு ஒன்றி வேலை செய்பவர்கள் அதிகமாக எரிந்துபோகிறார்கள் என்பது அப்போதே தெரிந்த விஷயம். விடுமுறை ஓரளவு உதவும். பெரும்பாலும் எரிப்பது வேலையின் அளவைவிட, தான் போனால் எல்லாம் விழுந்துவிடும் என்ற எண்ணம்தான். அந்த எண்ணம் உண்மையாக இருந்தால் அமைப்பு இன்னும் உருவாகவில்லை என்று அர்த்தம்.

ஆபத்தும் உண்டு, இதை மழுப்பக் கூடாது. குளோபல் விட்னஸ் அமைப்பின் கணக்கில் 2023இல் மட்டும் உலகம் முழுக்க 196 நில, சூழல் போராளிகள் கொல்லப்பட்டிருக்கிறார்கள், 2012லிருந்து எண்ணினால் 2,100ஐத் தாண்டுகிறது. ஹோண்டுராஸின் பெர்டா காசெரெஸுக்கு 2015இல் சூழல் போராளிகளுக்குக் கொடுக்கும் கோல்ட்மேன் விருது கிடைத்தது, 2016 மார்ச்சில் அவரை வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். இப்படிப்பட்ட போராளிகளைப் பாதுகாக்கத் தனிப் பிரிவு வைத்த எஸ்காசு ஒப்பந்தம் 2018இல் லத்தீன் அமெரிக்க, கரீபிய நாடுகளில் உருவாகி 2021இல் நடைமுறைக்கு வந்தது. ஆசியாவில் இதற்கு இணையாக ஒன்றும் இல்லை. கொலைவரை போகாத இடங்களில் வழக்கு: கலவரம் தூண்டினார், அரசுப் பணியைத் தடுத்தார், நிறுவனத்தின் பெயரைக் கெடுத்தார் என்று வருடக்கணக்கில் இழுக்கும் வழக்குகள். வெளியூர்ப் படிப்பாளிக்கு வக்கீல் நண்பர்கள் இருப்பார்கள், உள்ளூர்க்காரருக்கு வாய்தாவுக்குப் போகும் நாளில் கூலி போகும். போராட்டத்தைத் திட்டமிடும்போதே வழக்குச் செலவுக்கு ஒரு நிதி ஒதுக்காத அமைப்பு, தன் ஆட்களை யார் தலையில் கட்டப் போகிறது என்று கேட்டுத்தான் ஆகவேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் இறங்குகிறேன் என்பவர்களுக்கு: முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது பிரச்சினை எவ்வளவு பெரியது, அமைப்பு எவ்வளவு பிரபலம் என்பதைப் பார்க்க வேண்டாம். உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க அங்கே அனுபவமுள்ள ஒரு ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள், ஏனென்றால் இந்த வேலை கூடவே நடந்துதான் பிடிபடும். அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளி ரோசா பார்க்ஸ்கூட, பேருந்தில் வெள்ளையருக்கு இடத்தை விட்டுக்கொடுக்க மறுத்ததற்குச் சில மாதம் முன்பு, 1955 கோடையில், களப்பணிக்குப் பயிற்சி கொடுத்த டென்னசியின் ஹைலாண்டர் பள்ளியில் செப்டிமா கிளார்க் நடத்திய பயிலரங்கில் உட்கார்ந்திருக்கிறார். அப்புறம், முடிவெடுக்கும் குழுவில் பாதிக்கப்பட்ட பகுதிக்காரர்கள் எத்தனை பேர், களப்பணியாளரை நீக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டா, இதற்கு முன் இந்த வேலையில் இருந்தவர் ஏன் போனார், இப்போது எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். முன்பு இருந்தவரின் போன் நம்பரைக் கொடுக்கத் தயங்கினால் அதுவே ஒரு பதில். போராட்டமோ விழாவோ இல்லாத ஒரு சாதாரண வாரத்தில் அவர்களுடைய வழக்கமான கூட்டத்துக்குப் பின்வரிசையில் உட்கார அனுமதி வாங்குங்கள், சம்பளம் வாங்குபவர்கள் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள், ஊர்க்காரர்கள் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று மட்டும் கவனித்துவிட்டு வாருங்கள். சேரலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அந்த ஒரு கூட்டமே போதும்.